ஃபைஃப் கரையின் உப்புக் கணக்கு

1769ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில், வீம்ஸ் என்னும் சிற்றூர்த் தேவாலயத்தில் கருநிற மனிதர் ஒருவர் திருமுழுக்குப் பெற்றார். டால்ரிம்பிள் என்னும் மருத்துவர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து அவரைத் தம் உடைமையாகக் கொணர்ந்து, அருகிலுள்ள மெத்தில் என்னும் ஊரில் வைத்திருந்தார். அதுவரை அவரைக் 'கறுப்பு டாம்' என்றே அழைத்தனர். திருமுழுக்கு அளித்த குருவின் குடும்பப் பெயரை ஏற்று அவர் டேவிட் ஸ்பென்ஸ் ஆனார். ஆன கையோடு, இனித் தாம் எவர்க்கும் அடிமை அல்லர் என்று ஆண்டைக்கு எழுத்தில் அறிவித்துவிட்டு, அவ்வட்டாரத்து உழவர் ஒருவரிடம் அடைக்கலம் புகுந்தார். ஆண்டை அவரைப் பிடித்துச் சிறையில் அடைக்கச் செய்தார். வழக்கு எடின்பரோவின் உயர் முறைமன்றம் வரை சென்றது. அவ்வழக்கின் செலவுக்குப் பணம் திரட்டித் தந்தோருள் அக்கரையின் நிலக்கரி வெட்டுவோரும் உப்புக் காய்ச்சுவோரும் இருந்தனர்.

கொடுத்தவர் யார் என்பதை நின்று நோக்க வேண்டும். அந்நாளில் அந்தக் கரி வெட்டுவோரும் உப்புக் காய்ச்சுவோரும் தாமே விடுதலை பெற்றோர் அல்லர். சட்டப்படி அவர்கள் தத்தம் சுரங்கத்தோடும் உப்புக் கொப்பரையோடும் பிணிக்கப்பட்டிருந்தனர். சுரங்கம் கைமாறினால் அவர்களும் உடன் கைமாறினர். தம் கழுத்தில் நுகத்தடி கிடக்க, கடல் கடந்து வந்த மற்றொருவன் கழுத்து நுகத்தைக் கழற்ற அவர்கள் தம் கூலியிலிருந்து காசு எடுத்துத் தந்தனர். ஃபைஃப் மாவட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்த நிகழ்ச்சியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது நம் துணிபு. மன்னர்களிலிருந்து தொடங்கும் வழக்கமே இதுகாறும் நிலவி வருகிறது.

மன்னர்க்கு அங்கே குறைவில்லை. வடக்கே டே ஆற்றின் கழிமுகமும் தெற்கே ஃபோர்த் ஆற்றின் கழிமுகமும் கிழக்கே வடகடலும் சூழ்ந்த அந்தத் தீவக்குறையை மக்கள் இன்றும் 'ஃபைஃப் அரசு' என்றே வழங்குகின்றனர். 1286இல் புயல் இரவொன்றில் கிங்ஹார்ன் அருகே குதிரையிலிருந்து வீழ்ந்து மூன்றாம் அலெக்சாண்டர் மாண்டது இக்கரையில்தான்; அதன் விளைவாக ஸ்காட்லாந்து அரசுரிமைக் குழப்பத்தில் தத்தளித்தது. 1329இல் மறைந்த இராபர்ட் புரூசின் உடல் டன்ஃபெர்ம்லின் மடத்துத் தேவாலயத்தில் அடங்கியிருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூசில் 1413இல் பாப்பரசரின் ஏற்புப் பெற்ற பல்கலைக்கழகம், ஸ்காட்லாந்தில் முதலாவது. அங்கேயே 1528இல் பாட்ரிக் ஆமில்டனையும் 1546இல் ஜார்ஜ் விஷார்ட்டையும் சமயக் கொள்கைக்காக எரித்தனர். விஷார்ட் எரிந்த சில மாதங்களுக்குள் கர்தினால் பீட்டன் தம் கோட்டையிலேயே வெட்டுண்டார். இவையனைத்தையும் பாடநூல்கள் விரிவாகவே சொல்லும். நாம் மிகையாக உரைக்க வேண்டுவதில்லை.

அக்கரையை நோக்கி ஆறாம் ஜேம்ஸ் மன்னன் ஓர் உவமை கூறியதாக வழங்குகிறது. ஃபைஃப் என்பது இரவலனின் கந்தைப் போர்வை. ஆனால் அதன் கரை பொன்னிழை என்பது அதன் கருத்து. உள்நாடு வறியது, கடலோர ஊர்கள் செழித்தவை என்று அவன் கண்டான். கூரஸ், இன்வர்கீதிங், கிங்ஹார்ன், டைசர்ட், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர், கிரெயில் என அரச பட்டயம் பெற்ற சிற்றூர்கள் மணிக்கோவைபோல் வரிசையிட்டு நின்றன. தாழ்நாடுகளோடும் பால்டிக் துறைகளோடும் அவை வாணிகம் செய்தன. கரியும் உப்பும் ஏற்றிச் சென்ற கலங்கள் திரும்புகையில் நிலைச்சுமையாகக் கொணர்ந்த செந்நிற வளைவோடுகளே இன்றும் அவ்வூர்க் கூரைகளில் காட்சி தருகின்றன. பொன்னிழை உண்மைதான். அதை நெய்த கைகளை மன்னன் பார்த்தானா என்பதே நம் வினா.

பார்க்கும் வாய்ப்பு அவனுக்கு நேர்ந்தது. கூரஸ் ஊரின் கரிச்சுரங்கத்தை 1575இல் சர் ஜார்ஜ் புரூஸ் குத்தகைக்கு எடுத்தார். கடலடியில் ஓடும் கரிப்படுகையைத் தொடர்ந்து, அலை ஏறியிறங்கும் தரையிலேயே கல்லால் வட்டமதில் எழுப்பி, அதனுள் ஒரு சுரங்க வாயிலைத் தோண்டினார். நிலத்தில் இறங்கி, கடலுக்கு அடியில் நடந்து, கடல் நடுவே மேலேறலாம். உலகம் அதற்குமுன் அத்தகைய பணியைக் கண்டதில்லை என்று சொல்லத்தக்க அருவினை அது. 1617இல் அதைக் காண வந்த ஜேம்ஸ், வெளியேறி நாற்புறமும் நீரே கண்டு, தன்னைக் கொல்லச் சூழ்ச்சி நடக்கிறது எனக் கூவினான் என்பது வழிவழிச் செய்தி. 1625ஆம் ஆண்டுப் புயல் அச்சுரங்கத்தை அழித்துவிட்டது. புரூசின் மாளிகை மட்டும் மஞ்சள் பூச்சுடன் இன்றும் பொலிகிறது. அதன் வண்ணம் தீட்டிய மரக்கூரைகளைக் காணப் பயணியர் வருகின்றனர்.

அச்சுரங்கத்துள் இறங்கிய மனிதர் நிலை யாது? மன்னன் கூரஸ் வருவதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன், 1606இல், அவனுடைய ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பழைய ஆண்டையின் எழுத்துச் சான்று இல்லாமல் எவரும் கரித் தொழிலாளரையோ உப்புத் தொழிலாளரையோ வேலைக்கு அமர்த்தலாகாது. சான்றின்றிப் போனவனை ஓர் ஆண்டும் ஒரு நாளும் கழிவதற்குள் பழைய ஆண்டை மீட்டுக்கொள்ளலாம். முன்பணம் வாங்கிவிட்டு ஓடியமையால் அவன் கள்வன் எனக் கருதப்படுவான். ஊர்சுற்றித் திரிவோரைப் பிடித்து வேலையில் இடவும் சுரங்கவுடைமையாளர்க்கு அச்சட்டம் அதிகாரம் தந்தது. 1641இல் சுரங்கத்தில் நீர் இறைப்போர், கரி சுமப்போர் முதலிய பிறர்மேலும் அது விரிந்தது. ஓடுவதற்கு ஒரே வழி ஆண்டையின் ஒப்புதல். அதைத் தருவதற்கு ஆண்டைக்கு என்ன தேவை?

இதனினும் கொடியது குழந்தைகளைப் பிணித்த முறை. சட்டம் சொல்லாததை வழக்கம் செய்தது. கரி வெட்டுவோன் வீட்டில் பிள்ளை பிறந்து திருமுழுக்கு நடைபெறுகையில் ஆண்டை தந்தைக்கு ஒரு சிறு கொடை அளிப்பான். 'ஆர்ல்ஸ்' என்பது அதன் பெயர். பெற்றுக்கொண்ட தந்தை, அப்பிள்ளை வளர்ந்து அதே சுரங்கத்தில் உழைக்கும் என்று உறுதி தந்தவனாவான். தொட்டிலில் கிடக்கும் குழவியின் வாழ்நாள் நாலு காசுக்கு அடகு வைக்கப்பட்டது. 1701இல் முறையற்ற சிறைவைப்பைத் தடுக்க எடின்பரோ நாடாளுமன்றம் ஒரு நல்ல சட்டம் இயற்றியபோது, அதன் காப்பு கரித் தொழிலாளர்க்கும் உப்புத் தொழிலாளர்க்கும் இல்லை என்று எழுதி வைத்தது. உரிமை வழங்கும் ஏட்டிலேயே இவர்களைப் பெயர் சொல்லி வெளியே நிறுத்தினர். இத்தகைய விலக்கு மறதியால் நேர்வதன்று.

உப்பின் தன்மையையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழகத்தில் உப்பை வெயில் விளைவிக்கிறது. பாத்தியில் நீர் நின்றால் போதும். ஃபைஃபின் வெயிலுக்கு அவ்வலிமை இல்லை. எனவே கடல்நீரை இரும்புக் கொப்பரைகளில் இட்டு, அடியில் கரி எரித்துக் காய்ச்சினர். நூறு பங்கு கடல்நீரில் உப்பு மூன்றரைப் பங்கே. எஞ்சியதெல்லாம் ஆவியாகும் வரை இரவும் பகலும் தீ அணையாது. மாட்டுக் குருதி ஊற்றினால் அழுக்கு நுரையாய் எழும், அதை வழித்தெடுப்பர். விற்பனைக்கு உதவாத பொடிக்கரி கொப்பரையடியில் வீணாகாது எரிந்தது. ஆகவே கரியும் உப்பும் ஓர் ஆண்டையின் இரு கைகளாயின. புகை படிந்த அக்கொட்டகைகளில் ஆணும் பெண்ணும் தலைமுறை தலைமுறையாக வெந்தனர். செயின்ட் மோனன்ஸ் ஊருக்கு அருகே 1770களில் ஒன்பது கொப்பரைக் கொட்டகைகள் எழுந்தன. கடல்நீரை ஏற்றிய காற்றாலையின் கற்கோபுரம் இன்றும் மேட்டில் நிற்கிறது. கொட்டகைகளோ புல் மூடிய மேடுகளாகிவிட்டன. 1820களில் உப்பு வரி நீங்கியபோது, இங்கிலாந்தின் செஷயர் உப்போடு போட்டியிட இயலாமல் அத்தொழில் தேய்ந்தது.

இவ்வூர்களிடையே, 'நெடுநகர்' எனப் பெயர்பெற்ற கிர்க்கால்டியில், 1723இல் ஆடம் சுமித் பிறந்தார். கிளாஸ்கோவில் ஆசிரியராக இருந்தபோது, அடிமைமுறை ஐரோப்பாவின் மேற்குப்பகுதியில் ஒழிந்துவிட்டது என்று பெருமை பேசுவோர்க்கு அவர் தம் நாட்டுக் கரித் தொழிலாளரையும் உப்புத் தொழிலாளரையும் சுட்டிக் காட்டினார். இங்கிலாந்தின் நியூகாசிலில் கூலி குறைவு, ஸ்காட்லாந்துச் சுரங்கங்களில் கூலி மிகுதி; எனினும் ஸ்காட்லாந்துக் கரித் தொழிலாளர் நியூகாசிலுக்கு ஓடுகின்றனர், ஏனெனில் அங்கே அவர்க்கு உரிமை உண்டு என்று அவர் கூறியது மாணவர் எடுத்த குறிப்புகளில் எஞ்சியிருக்கிறது. மனிதனின் ஒவ்வொரு செயலையும் ஆதாயம் என்னும் ஒற்றை அளவுகோலால் அளப்பவர்கள் சுமித்தின் பெயரையே சான்றாகக் காட்டுகின்றனர். கூடுதல் கூலியைத் துறந்து ஓடியவனை அவர் கண்ட கண்ணை அவர்கள் காண்பதில்லை என்பது நம் வருத்தம்.

1767இல் சுமித் தம் தாயின் வீட்டுக்குத் திரும்பி, ஏறத்தாழ ஆறாண்டுகள் கிர்க்கால்டியில் தங்கித் தம் பெருநூலை எழுதினார். 'நாடுகளின் செல்வம்' எனும் அந்நூல் 1776இல் வெளிவந்தது. அவர் எழுதிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான், சில மைல் தொலைவில், டேவிட் ஸ்பென்ஸ் வழக்கு நடந்தது. வழக்கு முடிவு காணுமுன்பே 1770இல் டால்ரிம்பிள் இறந்தார், தீர்ப்பு எழுதப்படவில்லை. ஸ்பென்ஸ் தம்மைக் காத்த உழவரிடமே உரிமையோடு உழைத்து வாழ்ந்தார். தீர்ப்பு என்னும் வெற்றி கிட்டாமையால் சட்டநூல்களில் அவ்வழக்கு இடம் பெறவில்லை. எட்டாண்டுகள் கழித்து, 1778இல், பெர்த் பகுதியின் ஜோசப் நைட் வழக்கில் ஸ்காட்லாந்துச் சட்டம் அடிமைமுறையை ஏற்காது என்ற தீர்ப்பு வந்தது. புகழ் அதற்கே உரியதாயிற்று. ஃபைஃபின் உப்புத் தொழிலாளர் தந்த காசு கணக்கில் ஏறாமல் போயிற்று.

அவர்தம் சொந்த விலங்கு எப்போது உடைந்தது? 1775இல் இலண்டன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, கரித் தொழிலாளரும் உப்புத் தொழிலாளரும் அடிமைநிலையில் இருப்பதை அதன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. ஆயினும் அது இரக்கத்தின் விளைவு என்று கொள்வதற்கில்லை. பிறப்பிலேயே பிணிக்கும் தொழிலுக்குப் புதியவர் எவரும் வர மறுத்தனர், கரித்தேவையோ பெருகிற்று. அடிமை வேலையால் ஆள் பற்றாக்குறை வந்ததை உணர்ந்த உடைமையாளர்களே மாற்றத்தை வேண்டினர். அப்போதும் விடுதலை உடனே வரவில்லை. அகவைக்கேற்ப ஏழாண்டு, பத்தாண்டு எனப் பணிசெய்து காத்திருந்து, பின் முறைமன்றம் சென்று ஒவ்வொருவரும் தம் விடுதலையைத் தாமே கேட்டுப் பெற வேண்டும். எழுத்தறியாத, கடனில் மூழ்கிய மக்களுள் எத்தனை பேர் அவ்வழி செல்ல முடியும்? முழு விடுதலைக்கு 1799ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம் தேவைப்பட்டது. 1606 முதல் எண்ணினால் நூற்றுத் தொண்ணூற்று மூன்று ஆண்டுகள்.

அதன்பின்னும் பெண்கள் முதுகில் கரி சுமந்து ஏணி ஏறினர். கணவன் வெட்டிய கரியை மனைவியும் மகளும் கூடையில் சுமந்து மேலே கொணர்வது கிழக்கு ஸ்காட்லாந்தின் வழக்கம். 1842இல் அரசு அமைத்த ஆய்வுக் குழுவின் அறிக்கை வெளிவந்தபோதுதான் நாட்டின் மனச்சான்று விழித்தது. பெண்களும் பத்து அகவைக்குக் குறைந்த சிறுவரும் நிலத்தடியில் வேலை செய்தல் அவ்வாண்டே தடைசெய்யப்பட்டது. பிணிக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் 1870இல் நாளொன்றுக்கு எட்டு மணிநேர வேலை என்னும் உரிமையை ஃபைஃபில் போராடிப் பெற்றனர். பிற தொழிலாளர்க்கு அது கனவாக இருந்த காலம். அரசியலிலும் அவர்கள் தம் நினைவை மறக்கவில்லை. பொதுவுடைமைக் கட்சியின் வில்லி கல்லாகரை 1935 முதல் 1950 வரை மேற்கு ஃபைஃப் தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

டன்ஃபெர்ம்லின் நகரின் கதை இன்னொரு வகைத் துயரம். அங்கே பூவேலை லினன் துணி நெய்த கைத்தறியாளர் ஒருவரின் மகனாக 1835இல் ஆண்ட்ரூ கார்னகி பிறந்தார். விசைத்தறி தந்தையின் தறியை ஓய்த்தது. 1848இல் குடும்பம் அமெரிக்கா ஏகிற்று. நகர் நடுவே இருந்த பிட்டன்கிரீஃப் தோட்டத்துக்குள் அந்தக் குடும்பத்துச் சிறுவர்கள் நுழையத் தோட்ட உடைமையாளர் இடம் தந்ததில்லை. முதியோர் அவரோடு வழக்காடியமையே காரணம். எஃகால் பெருஞ்செல்வரான கார்னகி 1902இல் அத்தோட்டத்தையே விலைக்கு வாங்கி நகர மக்களுக்குக் கொடுத்தார். எந்தச் சிறுவனும் இனி அதற்குள் நுழையலாம். அக்கொடையை நாம் போற்றுகிறோம். ஆனால் அதே கார்னகியின் ஹோம்ஸ்டெட் எஃகாலையில் 1892இல் தொழிலாளர் சங்கத்தை நொறுக்கக் கூலிப்படை ஏவப்பட்டதும், மனித உயிர்கள் மாண்டதும் கணக்கேட்டின் மறுபக்கத்தில் இருக்கின்றன. நூலகம் கட்டியவர் என்று மட்டும் சொல்லி நிறுத்தும் நாவுக்கு நாம் உடன்பட இயலாது. உண்மையில், தறி ஒடிந்த வீட்டிலிருந்து புறப்பட்டவருக்கே தொழிலாளியின் துயர் அயலாகிப்போன அந்தப் பாதை, ஃபைஃப் மக்கள் நெடுநேரம் எண்ணிப்பார்க்க வேண்டிய ஒன்று.

இனி நமக்கு நேர்முகமான ஒரு செய்தி. செயின்ட் ஆண்ட்ரூசில் பொதுப்பள்ளியின் பெயர் மெட்ராஸ் கல்லூரி. அங்கே கல்லில் பொறித்த அப்பெயரைக் காணும் தமிழன் வியக்காதிருக்க முடியாது. அந்நகரின் நாவிதர் ஒருவர் மகன் ஆண்ட்ரூ பெல், 1753இல் பிறந்தவர். 1787இல் சென்னை வந்து, 1789இல் எழும்பூரில் படைவீரர்தம் மகன்களுக்கென நடந்த ஆதரவிலார் இல்லத்தின் பொறுப்பேற்றார். ஒரு நாள் குதிரையில் செல்கையில், 'மலபார்' பள்ளி ஒன்றில் சிறுவர் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துப் பயில்வதைக் கண்டார். அந்நாளில் ஐரோப்பியர் தமிழரை மலபார் என்றே குறித்தனர். இல்லத்தின் ஆசிரியர்களிடம் அம்முறையைக் கையாளச் சொன்னார். அவர்கள் ஒவ்வாதென மறுத்தனர். எட்டு அகவைச் சிறுவன் ஒருவனை ஆசிரியனாக்கி, மணலில் எழுத்துக் கற்பிக்கச் செய்தார். வெற்றி கண்டார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் அந்த ஏற்பாட்டை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'மெட்ராஸ் முறை' எனப் பெயர் பெற்று இங்கிலாந்தின் ஆயிரமாயிரம் ஏழைச் சிறுவர்க்கு எழுத்தறிவு தந்தது.

மணலெழுத்தைப் பார்த்துக் கற்றதாகப் பெல் ஒப்பினார்; மாணவனே ஆசிரியன் என்னும் முறை தம் கண்டுபிடிப்பு என்றார். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்பான் யார் என்று தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுமா? மூத்தவன் இளையவனுக்கு ஓதுவிப்பது அங்கே அன்றாட நடைமுறை. 1823இல் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பெல் அனுப்பிய அறிக்கை, முன்னேறிய மாணவரைக் கொண்டு பின்தங்கியோர்க்குக் கற்பிக்கும் நாட்டுப்பள்ளிகளின் சிக்கனமுறை இங்கிலாந்தில் பின்பற்றப்பட்டதற்கு முற்றும் தகுதியுடையது என்று எழுதிவைத்தது. அதே அறிக்கை, மக்கள் வறுமையுற்றமையால் அப்பள்ளிகள் குன்றி வருவதையும் கூறுகிறது. மணலில் எழுதுவித்த அந்தத் திண்ணை ஆசிரியருக்கு நெல்லும் காய்கறியுமாகச் சிறு ஊதியம் கிடைத்திருக்கும். அவர் பெயர் எங்கும் இல்லை. 1832இல் இறந்த பெல் வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில் அடக்கம் பெற்றார். அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் 1833இல் செயின்ட் ஆண்ட்ரூசில் பள்ளி திறக்கப்பட்டது. பெல்லின் உழைப்பையும் ஈகையையும் குறைத்து மதிப்பது நம் நோக்கமன்று. ஊர்ப்பெயரைக் கல்லில் ஏற்றிய நேர்மை அவருக்கு உண்டு. அக்கல்லுக்குக் கீழே இன்னொரு வரி இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

கடலோர மீன்பிடி ஊர்களைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். ஹெர்ரிங் மீன் பெருகிய நாளில் ஆன்ஸ்ட்ரதர்த் துறையைப் படகுக்குப் படகு தாண்டி, நீரில் கால் படாமல் கடக்கலாம் என்பர். 'ஃபைஃபி' என்றே ஒருவகைப் படகுக்குப் பெயர் அமைந்தது. இரண்டாம் உலகப் போரையொட்டி அந்த மீன்வளம் ஒழிந்தது. 1969இல் ஆன்ஸ்ட்ரதரில் அமைந்த மீன்பிடி அருங்காட்சியகம் அவ்வாழ்வைக் காக்கிறது.

ஆனால் அதே கரையில் காக்கப்படாத உயிர்களும் உண்டு. 1704இல் டோரிபர்ன் ஊரில் லிலியாஸ் அடி என்னும் முதியவளைச் சூனியக்காரி என்று குற்றஞ்சாட்டிச் சிறையிட்டனர். உடனிருந்த சூனியக்காரியர் யார் யார் என வற்புறுத்திக் கேட்டபோது, அவர்கள் முகம் மூடியிருந்தமையால் தெரியவில்லை என்றாள் அவள். அண்டைவீட்டுப் பெண்களின் உயிரைக் காக்க எழுந்த சொல் அது என்றே நாம் கொள்கிறோம். சிறையிலேயே இறந்த அவளை ஊருக்குள் புதைக்க மனமின்றி, அலையேறும் சேற்றில் புதைத்து, எழுந்து வாராதபடி பெருங்கல் ஒன்றை மேலே வைத்தனர். அடுத்த ஆண்டு பிட்டன்வீமில் ஜேனட் கார்ன்ஃபுட் என்பவளை ஊர்க்கூட்டம் கடற்கரையில் அடித்து, கதவுப் பலகையை மேலே இட்டுக் கல் அடுக்கிக் கொன்றது. எவரும் தண்டனை பெறவில்லை. 1563ஆம் ஆண்டின் சூனியச் சட்டத்தால் மாண்டோருக்காக 2022 மார்ச்சு 8ஆம் நாள் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் நிகோலா ஸ்டர்ஜன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். முந்நூறு ஆண்டுகள் தாழ்ந்து வந்தாலும் அச்சொல் வேண்டியதே.

இருபதாம் நூற்றாண்டில் கரி ஃபைஃபை ஆண்டது, பலியும் கொண்டது. 1939 அக்டோபர் 28இல் வேலிஃபீல்டு சுரங்க வெடிப்பில் 35 பேர் மாண்டனர். ஈஸ்ட் வீம்ஸின் மைக்கேல் சுரங்கத்தில் 1967 செப்டம்பர் 9இல் மூண்ட தீ, உள்ளே பூசியிருந்த பாலியூரித்தேன் நுரையைப் பற்றிப் படர்ந்து ஒன்பது பேரைக் கொன்றது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் உழைத்த அச்சுரங்கம் பின் திறக்கப்படவேயில்லை. டேவிட் ஸ்பென்சுக்குப் பணம் தந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் அதே வீம்ஸ் கரை அது. ஸ்காட்லாந்தின் கடைசி ஆழ்சுரங்கமான லாங்கனட் 2002இல் வெள்ளம் புகுந்து மூடுண்டது. அதன் அருகிலிருந்த அனல்மின் நிலையம் 2016இல் நின்றது. அதன் 183 மீட்டர் உயரப் புகைபோக்கியை 2021இல் வெடிவைத்து வீழ்த்தினர். காற்று தூய்மையாவது நன்று. கரியால் வாழ்ந்த ஊர்களுக்கு மாற்று வாழ்வு கரி போன அதே வேகத்தில் வரவில்லை என்பதை அந்நாட்டு ஆட்சியாளர் மறைக்கலாகாது. புகைபோக்கியை வீழ்த்த ஓர் ஆண்டுத் திட்டம் போதும். ஓர் ஊரின் தொழிலை எழுப்ப ஒரு தலைமுறையின் கவனம் வேண்டும்.

அம்மக்களின் உறுதி எத்தகையது என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று. 1969இல் வீட்லி ஆணையம், நாட்டின் உள்ளாட்சியைச் சீரமைக்க ஃபைஃபை இரண்டாகப் பிளந்து, வடபகுதியை டண்டியோடும் தென்பகுதியை எடின்பரோவோடும் இணைக்கப் பரிந்துரைத்தது. ஆற்றுக்கு அப்பாலுள்ள பெருநகர்கள் நோக்கி மக்கள் இயல்பாகச் செல்கின்றனர் என்பது அதன் தருக்கம். ஃபோர்த் சாலைப்பாலம் 1964இலும் டே சாலைப்பாலம் 1966இலும் அப்போதுதான் திறந்திருந்தன. ஊர்ப் பெரியோரும் எளியோரும் கட்சி வேறுபாடின்றி எதிர்த்து எழுந்தனர். அரசு பணிந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஃபைஃப் பிளவுபடாத தனி வட்டாரமாயிற்று. 1975 முதல் அவ்வாறே இயங்கியது. 1996 முதல் ஒரே மன்றத்தின் கீழ் இருக்கிறது. மன்னனின் கோட்டைச் சுவர் காவாத எல்லையைப் பொதுக்கூட்ட மேடையும் கையெழுத்து ஏடும் காத்தன.

அந்த உறுதியை இனி அவர்கள் தம் நினைவின்பால் திருப்ப வேண்டும் என்று வேண்டுகிறோம். 2019இல் டோரிபர்ன் மக்கள் சேற்றுக்கல்லின்மேல் மலர் வளையம் வைத்தனர். தோண்டியெடுத்துச் செல்லப்பட்ட லிலியாசின் எலும்புகளைத் திரும்பத் தருமாறு ஃபைஃப் மன்றத்தினர் குரல் எழுப்பினர். நல்ல தொடக்கம். அதே நெறியில் 1769ஆம் ஆண்டின் கரி வெட்டுவோர்க்கும் உப்புக் காய்ச்சுவோர்க்கும் மெத்தில் கடற்கரையில் ஓர் அடையாளம் எழுதல் வேண்டும். ஸ்பென்சின் பெயரோடு அவர்கள் திரட்டிய பணமும் அதில் குறிக்கப்படுக. செயின்ட் ஆண்ட்ரூசின் மெட்ராஸ் பள்ளிச் சிறுவர்க்கு, மணலில் எழுதிய தமிழ்ச் சிறுவரைப் பற்றி ஒரு பாடமேனும் இருத்தல் வேண்டும். இவை பெருஞ்செலவு கேட்பவை அல்ல.

ஏறத்தாழ 55 ஆண்டுகள் பயணியர் வண்டி ஓடாதிருந்த இருப்புப்பாதையில் 2024 சூன் 2ஆம் நாள் மெத்திலுக்கு அண்மையிலுள்ள லெவன் நகருக்கு மீண்டும் தொடர்வண்டி வந்தது. அதற்காகவும் அவ்வூர் மக்கள் பல்லாண்டு ஓயாது கேட்டுக்கொண்டே இருந்தனர்.